வயது வந்தும் பிள்ளைகள் எனப்படுவோர்

ஓர் ஊராட்சியில் எத்தனை கறவை மாடுகள் உள்ளன, எத்தனை கிணறுகள் உள்ளன, அவற்றுள் எத்தனைக்கு மின் இணைப்புக் கிடைத்திருக்கிறது என்று கேட்டால், நமது உறுப்பினர்கள் பதிவேட்டைப் புரட்டாமலேயே விடை கூறிவிடுவர். அதே ஊராட்சியில், அறிவு வளர்ச்சி தடைப்பட்ட நிலையில் வயது வந்துவிட்ட ஆண்களும் பெண்களும் எத்தனை பேர் என்று கேட்டால், பெரும்பாலும் மௌனமே பதிலாகக் கிடைக்கும். சற்று நேரம் கழித்து ஒருவர், "தெற்குத் தெருவில் ஒரு பையன் இருக்கிறான்" என்பார். விசாரித்தால் அந்தப் பையனுக்கு வயது நாற்பத்திரண்டாக இருக்கும்.

அந்தப் பையனைப் பற்றியதே இக்கட்டுரை. குறைபாடுள்ள குழந்தைகளுக்கென அங்கன்வாடியும் பள்ளியும் இன்று ஓரளவு கவனம் செலுத்துகின்றன. பதினெட்டு வயது நிறைந்ததும் அந்தக் கவனம் நின்றுவிடுகிறது. அதன் பிறகு வீட்டுத் திண்ணைதான் கதி. தாயும் தந்தையும் உள்ளவரை சோறும் துணியும் கிடைக்கும். அவர்களுக்குப் பிறகு என்ன? இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் இரவில் தமக்குள்ளே கேட்டுக்கொள்கின்றனரேயன்றி, கிராம சபையில் எவரும் எழுப்புவதில்லை. அங்கே எழுப்பப்பட வேண்டிய கேள்வி இது என்பதே நமது கருத்து.

நோய் வேறு, குறைபாடு வேறு

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். ஊரில் இரண்டு வெவ்வேறு நிலைகளை ஒரே வசைச் சொல்லால் குறிக்கிறார்கள். மனநோய் என்பது நன்றாக இருந்த ஒருவருக்கு எந்த வயதிலும் வரக்கூடிய நோய். அதற்கு மருந்து உண்டு. அறிவுசார் குறைபாடு பிறவியிலோ, வளரும் பருவத்திலோ ஏற்படுவது. அக்குறைபாடு உடையவர் மெதுவாகக் கற்கிறார். கணக்கு, பணம், நாள், நேரம் ஆகியவற்றில் பிறர் துணையை நாடுகிறார். இதனை மாற்றிவிடும் மாத்திரை கிடையாது. பயிற்சியும் பொறுமையும்தான் உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல், ஆட்டையும் மாட்டையும் விற்று ஒவ்வொரு வைத்தியரிடமும் மந்திரவாதியிடமும் அலைந்து ஓய்ந்த குடும்பங்கள் பல. கலியாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று எவரோ சொல்லக் கேட்டு, இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வையும் சிக்கலில் மாட்டிவிட்டோரும் உண்டு.

இந்த வேறுபாடு நீதிமன்றத்திலும் முக்கியமானதாகிவிட்டது. சண்டிகாரில் அரசு இல்லம் ஒன்றில் இருந்த, இலேசான அறிவுக் குறைபாடுடைய பெண் ஒருவர் கருவுற்றிருந்தார். அக்கருவைக் கலைத்துவிட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தையைப் பெற்றுக்கொள்ளவே அப்பெண் விரும்பினார். 2009-ம் ஆண்டில் உச்சநீதிமன்றம், மனநோயும் அறிவுக் குறைபாடும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல என்றும், அவரது சம்மதமின்றிக் கருவைக் கலைக்கலாகாது என்றும் தீர்ப்பளித்தது. மெதுவாகக் கற்பவருக்கும் தமது உடலைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் விருப்பம் உண்டு என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

சங்கிலியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த காப்பகக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை அறவே தடை செய்திருக்கிறது. நோயாளிக்கே கூடாததை, நோயேதும் இல்லாத ஒருவருக்கு, வயலுக்குப் போகும் நேரத்தில் எங்காவது ஓடிவிடுவார் என்ற அச்சத்தால் செய்வது எவ்வாறு தகும்? அந்த வீட்டாரைக் குற்றம் சாட்டிவிட்டுப் போவதும் சரியன்று. கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமையே கயிற்றுக்கும் சங்கிலிக்கும் காரணம். அந்த ஆளை ஏற்பாடு செய்வது ஊரின் வேலை.

காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரசவத்தில் மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல், பிறவித் தைராய்டுக் குறைவு, தாயின் உணவில் அயோடின் குறைவு ஆகியவை சில. நெருங்கிய உறவில் மணம் செய்வதால் சில பரம்பரைக் கோளாறுகள் மிகுகின்றன. டவுன் நிலை எனப்படுவது, 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் வருவது என்று 1959-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டனர். பல வேளைகளில் காரணமே புலப்படுவதில்லை. கிரகணத்தன்று தாய் வெளியே வந்தது காரணமன்று.

இரண்டு நிலைகளைப் பற்றி மட்டும் எச்சரிக்கை தேவை. மூளை முடக்குவாதம் உடையவருக்குக் கைகால் இழுத்துக்கொள்ளும், பேச்சுக் குழறும்; எனினும், அவர்களுள் பலருக்கு அறிவில் யாதொரு குறையும் இருப்பதில்லை. அவர் முன்னிலையில் அவரைப் பற்றிப் பேசுவோர் இதை நினைவிற் கொள்க. ஆட்டிசம் உடையவர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார். திருவிழா ஒலிபெருக்கியைத் தாங்கமாட்டார். அன்றாட ஒழுங்கு மாறினால் கலங்கிப்போவார். இது திமிரன்று.

பேசும் முறை

தமிழ்நாட்டில் 2010-ம் ஆண்டு முதல் "மாற்றுத்திறனாளிகள்" என்னும் சொல் அரசு வழக்கிற்கு வந்தது. பெயரை மாற்றினோம், கூப்பிடும் முறையை ஊரில் இன்னும் மாற்றவில்லை. நாற்பது வயதானவரை எட்டு வயதுச் சிறுவன் "வாடா" என்கிறான், பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அவரை அண்ணன் என்றும், சித்தப்பா என்றும், அத்தை என்றும் முறை வைத்து அழைக்கச் சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்குச் செலவு ஏதுமில்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பலர் காண ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது என்பதும் தேநீர்க் கடைத் திண்ணைகளில் தெரிந்திருத்தல் நலம்.

பேசும்போது ஒரு நேரத்தில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நாம் எதிர்பார்ப்பதைவிட அதிக நேரம் ஆகும். "தண்ணீர் காட்டிவிட்டு, வைக்கோல் போட்டு, கட்டுத்தறியைப் பெருக்கு" என்பது மூன்று வேலைகள். மூன்று முறையாகச் சொல்லத்தக்கது. அவருடைய விஷயத்தை அவருடைய தாயாரிடம் கேளாமல் அவரிடமே கேட்க வேண்டும். "ஆமாம்" என்று அவர் எதற்கும் தலையாட்டினால், புரிந்தது என்று கொள்ளாதீர்கள். அதட்டலுக்குப் பயந்து தலையாட்டிப் பழகியிருப்பார். செய்து காட்டச் சொன்னால் உண்மை விளங்கும்.

வேலை கற்பித்தல்

"இவனுக்கு ஒரு வேலையும் வராது" என்னும் தீர்ப்பு பெரும்பாலும் கற்பிக்காதவர்கள் வழங்கும் தீர்ப்பாகும். அறிவுக் குறைபாடுடையோருள் மிகப் பலர் இலேசான குறைபாடுடையவரே. தகுந்த முறையில் கற்பித்தால் வேளாண்மையிலும் கால்நடை வளர்ப்பிலும் எத்தனையோ வேலைகளைச் செய்யக் கூடியவர்கள். கற்பிக்கும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆகவே அதனைச் சற்று விரிவாகக் கூறுகிறோம்.

கீரைக் கட்டு கட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. பிரித்துப் பார்த்தால் ஆறு வேலைகள்: கீரையைப் பிடுங்குதல், வேர் மண்ணை உதறுதல், வேர்களை ஒரு பக்கமாகச் சேர்த்தல், ஒரு கட்டுக்குரிய அளவு எடுத்தல், வாழை நாரைச் சுற்றுதல், முடிச்சை இறுக்குதல். முதல் நாள் ஐந்து படிகளையும் நாமே செய்துவிட்டு, கடைசி முடிச்சை இறுக்குவதை மட்டும் அவரிடம் விடவேண்டும். அவர் இறுக்கியதும் கட்டு முடிந்துவிடுகிறது, முடித்தவர் அவரே. அது கைவந்த பிறகு நாரைச் சுற்றுவதையும் அவரிடம் விடுவது. பிறகு அளவு எடுப்பதை. இவ்வாறு பின்னிருந்து முன்னே சென்றால், ஒவ்வொரு நாளும் வேலை முடிவடையும் மகிழ்ச்சியோடு நிற்கும். முதற்படியிலிருந்து தொடங்கினாலோ, இரண்டாம் படியிலேயே தடுமாறி, திட்டு வாங்கி, எழுந்து போய்விடுவார். சிறப்புப் பயிற்சியாளர்கள் கையாளும் முறை இதுவே.

அளவு எடுப்பது எண்ணத் தெரியாதவருக்கு எப்படி வரும் என்று கேட்கலாம். ஒரு மூங்கில் வளையம் போதும். வளையம் நிறையும் அளவே ஒரு கட்டு. முட்டையை முப்பது குழி உள்ள அட்டையில் அடுக்கினால், குழி நிரம்புவதே கணக்கு. தீவனத்திற்கு ஒரு சிரட்டையையோ படியையோ நிர்ணயித்து, அதன் மேல் வண்ணக் கோடு ஒன்று இழுத்துவிடலாம். எண்ணிக்கையைத் தலையிலிருந்து எடுத்துப் பாத்திரத்தில் வைத்துவிடுகிறோம். வேலைகளின் வரிசையை மறப்பவருக்கு, மாட்டுக் கொட்டகைச் சுவரில் வாளி, வைக்கோல், துடைப்பம் என்று மூன்று படங்களை வரிசையாக எழுதி வைத்தால் அதுவே கங்காணி. ஒரே நேரம், ஒரே இடம், ஒரே கருவி என்ற ஒழுங்கு இருக்கட்டும். மாற்ற நேர்ந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒழுங்கு பழகியபின், அவரைப் போல் நேரம் தவறாமல் மாட்டிற்குத் தண்ணீர் காட்டுபவர் வீட்டில் வேறெவரும் இருக்கமாட்டார்.

எல்லா வேலைகளும் ஏற்றவையல்ல. பூச்சிமருந்து கலக்குதல், தட்டை வெட்டும் இயந்திரம், மின் மோட்டார் ஆகியவற்றில் தனியே விடுதல் கூடாது. வலிப்பு உள்ளவரைக் கிணற்று மேட்டிலும், குளத்திலும், அடுப்பருகிலும், மரத்தின் மேலும் தனித்து விடலாகாது.

கூலியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். "சோறு போடுகிறோம், கிடக்கட்டும்" என்று விடியற்காலை முதல் இரவு வரை வேலை வாங்கும் வீடுகள் உண்டு. ஊரார் இதனைத் தருமம் என்று புகழவும் செய்கின்றனர். கூலியின்றி வேலை வாங்குவது தருமமன்று. கொத்தடிமை முறையை 1976-ம் ஆண்டிலேயே சட்டம் ஒழித்துவிட்டது. செய்த வேலைக்குக் கூலி, அதுவும் அவர் கையில் அல்லது அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேர வேண்டும். 2005-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடந்த நூறு நாள் வேலையில், தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலைக்கு முழுக் கூலி வழங்கும் முறை இருந்தது. வேலையிடத்தில் குடிநீர் வழங்குதல் போன்ற பணிகள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. அது காட்டிய வழி பொதுவேலைகள் அனைத்திற்கும் பொருந்தும். சந்தை நாளில் தம் காசில் தாமே தேநீர் குடித்து, சில்லறையைத் தவறாக எண்ணினாலும் தாமே எண்ணிப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டு.

உடல் நலம்

வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர், வலியை வேறு விதமாகக் காட்டுவார். அமைதியாக இருந்தவர் திடீரெனத் தலையைச் சுவரில் முட்டினால், கையைக் கடித்துக்கொண்டால், உண்ண மறுத்தால், "முற்றிவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். பல், காது, மலச்சிக்கல், சிறுநீர்க் கடுப்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். கோடாங்கியிடம் போவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றால் பாதிச் செலவு மிஞ்சும். டவுன் நிலை உடையோருக்குத் தைராய்டுக் குறைவும், காது மந்தமும், கண்புரையும் பிறரைவிட இளவயதிலேயே வரும். மறதி நோயும் முன்கூட்டியே தொடங்கும். கற்ற வேலையை ஐம்பது வயதில் அவர் மறக்கத் தொடங்கினால் அது சோம்பலன்று. கிராம சுகாதாரச் செவிலியர் இரத்த அழுத்தம் பார்க்க வரும்போது, திண்ணையில் இருப்பவருடைய கையையும் நீட்டச் சொல்ல வேண்டும்.

வலிப்பு வந்தால் சாவிக் கொத்தைக் கையில் திணிப்பதும், வாயில் கரண்டியை நுழைப்பதும் பழைய வழக்கம். இரும்பினால் பயனில்லை, கரண்டியால் பல் உடையும். அருகிலுள்ள கல், கம்பு ஆகியவற்றை அகற்றி, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, ஆட்டம் தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். முழு உணர்வு வரும்வரை தண்ணீரும் தரலாகாது. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். அறிவுக் குறைபாடுடைய பெண்ணுக்கு நேரும் கொடுமை பெரும்பாலும் அறிந்த மனிதர்களாலேயே நேர்கிறது. சொன்னாலும் எவரும் நம்பமாட்டார் என்பதே கயவர்களின் துணிச்சல். உடலில் எந்த இடத்தை எவர் தொடலாகாது, தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவருக்குப் புரியும்படி கற்பிக்க முடியும், கற்பிக்கவும் வேண்டும். புகார் எழுந்தால் மூடி மறைக்கும் பஞ்சாயத்துப் பேச வேண்டாம். அவருடைய வீட்டிற்கே வந்து, சிறப்புக் கல்வியாளர் ஒருவரின் உதவியுடன் வாக்குமூலம் பதிவு செய்யச் சட்டத்தில் வழி உண்டு.

நிலமும் பின்னாளும்

பாகப் பிரிவினை நாளில் நடப்பது யாவரும் அறிந்ததே. மூன்று பிள்ளைகளுள் ஒருவர் அறிவுக் குறைபாடுடையவர் எனில், நிலம் இரண்டாகப் பிரியும். "அவனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மற்ற இருவரும் வாயால் சொல்வர். சில ஆண்டுகள் பார்த்துக்கொள்ளவும் செய்வர். பிறகு வீட்டுக்கு வீடு மாதமுறை வைத்து, கடைசியில் கோயில் மண்டபத்தில் வந்து முடியும்.

பழைய இந்து சட்டத்தில், பிறவியிலேயே அறிவு வளராதவருக்குப் பங்கில்லை என்ற விதி இருந்தது. 1928-ம் ஆண்டில் பிற குறைபாடுடையோருக்கு விலக்கு அளித்தபோதும் இவர்களுக்கு அளிக்கவில்லை. 1956-ம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு அதனை நீக்கியது. நோய், ஊனம், குறைபாடு எதுவும் ஒருவரது வாரிசுரிமையைப் பறிக்காது என்பது இன்றைய சட்டம். ஆகவே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது அவர் பெயர் விடுபட்டிருந்தால், ஊரறிந்த உறுப்பினர்கள் அதைச் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டவர்கள்.

தாய் தந்தையே பிள்ளைக்கு இயல்பான காப்பாளர் என்பது பதினெட்டு வயது வரைதான் சட்டப்படி செல்லும். அதற்கு மேல், 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அறிவுக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவை உடையோருக்குக் காப்பாளரை நியமிக்க மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. மாவட்டக் கலெக்டர் அதன் தலைவர். பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் இருப்பர். பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். நியமனம் பெற்ற காப்பாளர் ஆறு மாதத்திற்குள் அவருடைய அசையாச் சொத்துக்களின் பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் கொடுத்தாக வேண்டும்; கைவிட்டாலோ, சொத்தைச் சுரண்டினாலோ அவரை நீக்கலாம். வாய்வார்த்தைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. எல்லோருக்கும் காப்பாளர் தேவை என்பதுமில்லை. 2016-ம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட காரியத்திற்கு, குறிப்பிட்ட காலத்திற்கு, அவரோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுத்த காப்பாளரையே கருதுகிறது. தம் காரியத்தைத் தாமே சொல்லக் கூடியவர் வாயை அடைப்பதற்குக் காப்பாளர் ஒருவரைக் கொண்டு வரலாகாது.

இவற்றுக்கெல்லாம் முதற்படி, மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை. அரசு மருத்துவமனையில் பரிசோதித்து, 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு எனச் சான்று பெற்றால் பல உதவிகளுக்கு வழி திறக்கும். கடும் பாதிப்புடையோருக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 2023-ல் அது மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் வேளாண் நில ஒதுக்கீட்டிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு ஒதுக்க வேண்டுமென 2016-ம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். பயிற்சிக்கு முட்டுக்காட்டில் 2005-ல் அமைந்த தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம், கிராமச் சூழலிலேயே இப்பணி நடைபெறக் கூடும் என்பதற்குச் சான்றாக விளங்குகிறது.

கிராம சபையில் அவர் இடம்

வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். நீதிமன்றம் ஒருவரைச் சித்த சுவாதீனமற்றவர் என்று அறிவித்தாலன்றி, அறிவுக் குறைபாட்டைக் காட்டி அவர் பெயரைச் சேர்க்க மறுக்க முடியாது. எனவே தெற்குத் தெருப் பையனும் கிராம சபை உறுப்பினரே. பெயர் சேர்க்கப்படாதிருந்தால் சேர்க்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக அமர்த்துவதற்கு 2025-ம் ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் திருத்தப்பட்டது. அந்த உறுப்பினர் பார்வையற்றவராகவோ, கால் இயலாதவராகவோ இருப்பினும், தாமே எழுந்து பேச இயலாத இவர்களுக்காகவும் பேசுவார் என்று எதிர்பார்க்கிறோம்.

ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்திற்கு முன்பாக, உறுப்பினர்கள் தத்தம் வார்டில் வீடு வீடாகச் சென்று ஒரு பட்டியல் எடுக்கலாம். பெயர், வயது, அடையாள அட்டை உண்டா, வங்கிக் கணக்கு உண்டா, என்ன வேலை தெரியும், பகலில் உடன் இருப்பவர் யார் என்னும் விவரங்கள் போதும். இறுதியில் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்து, உடன் இருப்பவரின் வயது என்று எழுதுங்கள். அறுபதுக்கு மேற்பட்ட எண் எந்த வீட்டிற்கு எதிரே விழுகிறதோ, அந்த வீட்டாரை முதலில் மாவட்ட அலுவலகத்திற்கு அழைத்துச் செல்லலாம். போய் வர ஒரு பகற்பொழுதும் பேருந்துக் கட்டணமும் ஆகும். அப்பகலில் அவர் மாட்டிற்குத் தண்ணீர் காட்ட அடுத்த வீட்டாரிடம் சொல்லிவைக்க வேண்டும்.